தேயிலைப் பெட்டிக்காகப் போட்ட பாதை

(நானுஓயாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். வெளியே மழை. துவைக்கத் துணி இருக்கும், உடைக்க விறகு இருக்கும், நாளை வேலைக்குப் பெயர் பதியும் பிரட்டுக்குப் போகவேண்டும் என்ற நினைப்பும் இருக்கும். அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு இந்த மண்டபத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை நான் வீணாக்கக்கூடாது. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த நானுஓயாவிலிருந்து புறப்பட்டு, நுவரெலியாவுக்கு ஏறி, கந்தப்பளையைக் கடந்து, இராகலை வரைக்கும் ஒரு சின்னக் கோச்சி, அதாவது புகையிரதம், ஓடியது. சுமார் 19 மைல் தூரம். இன்று அந்தப் பாதையில் ஒரு தண்டவாளம் இல்லை. ஒரு சிலிப்பர் கட்டை இல்லை. ஸ்டேசன்கள் ஸ்டேசன்களாக இல்லை. அந்தக் கோச்சி யாருக்காக வந்தது? யாரைச் சுமந்தது? ஏன் போனது? இந்த மூன்று கேள்விகளும்தான் இன்றைய பேச்சு.

முதலில் பெரிய பாதையிலிருந்து தொடங்குவோம். கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை 1865இல் புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1867இல் அது கண்டிக்கு வந்தது. 1874இல் நாவலப்பிட்டி. 1884இல் ஹட்டன். அடுத்த ஆண்டு, 1885இல், நானுஓயா. வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன், ரதல்ல என்று மலையைச் சுற்றிச் சுற்றி ஏறி வந்த பாதை இங்கே வந்து நின்றது. நின்றது என்றால், எட்டு ஆண்டுகள் நின்றது. 1893இல் அப்புத்தளைக்குப் பாதை போகும் வரைக்கும் மலைநாட்டுப் புகையிரதத்தின் கடைசி ஸ்டேசன் நம்முடைய நானுஓயாதான். பதுளை வரைக்கும் போய்ச் சேர 1924 ஆகிவிட்டது.

கடைசி ஸ்டேசன் என்றால் என்ன பொருள்? பாதை முடிகிற இடத்தில்தான் சுமை இறங்கும், சுமை ஏறும். நுவரெலியா, கந்தப்பளை, இராகலை, உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களின் தேயிலையெல்லாம் மாட்டு வண்டியில் இங்கே வந்தது. திரும்பிப் போகும் வண்டியில் அரிசி போனது, உரம் போனது, தேயிலை ஸ்டோருக்கு வேண்டிய இயந்திரம் போனது. மழைக்காலத்தில் அந்த மலை வீதியில் பாரவண்டி இழுக்கும் மாட்டின் பாட்டை நினைத்துப் பாருங்கள். தோட்டத் துரைமார்கள் மாட்டுக்காக இரங்கவில்லை. அவர்கள் நாளைக் கணக்குப் பார்த்தார்கள், வண்டிக் கூலியைக் கணக்குப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, ‘எங்களுக்கு ஒரு பாதை வேண்டும்’ என்று அரசாங்கத்தைக் கேட்டார்கள்.

கேட்டார்கள், கிடைத்தது! 1854இலேயே தோட்டத் துரைமார் சங்கம் அமைத்துவிட்டவர்கள் அவர்கள். இந்த நாட்டில் புகையிரதம் வந்ததே அவர்களுடைய கோப்பிக்காகத்தான். 1869இல் கோப்பியில் இலைநோய் விழுந்தது. சில ஆண்டுகளுக்குள் கோப்பி மலைகள் பட்டுப்போயின. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் வைத்த தேயிலை, கோப்பி இருந்த இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டது. கோப்பிக்குப் போட்ட பாதை தேயிலையைச் சுமந்தது. தேயிலை இன்னும் உயரத்துக்கு ஏறியது. அதன் பின்னாலேயே பாதையும் ஏறியது.

சின்னக் கோச்சிப் பாதையில் நுவரெலியா வரையிலான பகுதி 1903 டிசம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கோச்சி இராகலையைத் தொட்டது. அந்தப் பாதைக்கு உடப்புசல்லாவைப் புகையிரதப் பாதை என்று பெயர் வைத்தார்கள். ஆனால் உடப்புசல்லாவைக்கு அது போகவே இல்லை! இராகலையோடு நின்றுவிட்டது. உடப்புசல்லாவை ஊர்க்காரர்களுக்குக் கோச்சியின் பெயர் கிடைத்தது, கோச்சி கிடைக்கவில்லை.

இப்போது அந்தப் பாதையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். நம்முடைய பெரிய பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையில் ஐந்தரை அடி. சின்னப் பாதையில் இரண்டரை அடிதான். ஒரு ஆள் ஒரு எட்டில் தாண்டிவிடலாம். அன்று களனிவெளிப் பாதைக்கும் அதே அளவுதான். ஏன் இவ்வளவு சின்னதாகப் போட்டார்கள்? மலையை வெட்டச் செலவு குறைவு. பெரிய பாதையில் 44 அடி போனால்தான் ஒரு அடி ஏறலாம் என்று ஒரு கணக்கு இருந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு அந்தக் கணக்கில் ஏற முடியாது. குறைந்த தூரத்துக்குள் நிறைய உயரம் ஏறவேண்டும். பிளக்பூல் பக்கத்து வளைவுகளைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட இடத்தில் நெருக்கி நெருக்கி வளைந்து திரும்ப, சின்னக் கோச்சியால்தான் முடியும்.

ஏறியது நுவரெலியாவோடு முடியவில்லை. அதற்கு மேலும் ஏறிக் கந்தப்பளையைத் தொட்டது. இன்று இலங்கையில் மிக உயரமான ஸ்டேசன் எது என்று மாணவர்களைக் கேட்டால் உடனே பட்டிப்பொல என்பார்கள். சரியான பதில்தான். ஆனால் அன்று கேட்டிருந்தால்? கந்தப்பளை என்பதே பதில்! நம்முடைய பிள்ளைகளின் பொது அறிவுப் புத்தகத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா? இல்லை. இல்லாமல் போன ஸ்டேசனுக்கு யார் மார்க்ஸ் போடுவார்கள்?

சரி, அந்தக் கோச்சியில் என்ன போனது? ஒரு தேயிலைப் பெட்டியோடு நாமும் கூடப் போவோம். கந்தப்பளைப் பக்கத்தில் ஒரு தோட்டம். கொழுந்து பறித்தாகிவிட்டது, வாட்டியாகிவிட்டது, அரைத்தாகிவிட்டது, காய்ச்சியாகிவிட்டது, சலித்தாகிவிட்டது. உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பலகைப் பெட்டிக்குள் தூளைக் கொட்டி, குலுக்கிக் குலுக்கி அமுக்குகிறார்கள். சுமார் நூறு இறாத்தல். மூடியை வைத்து, தகரப்பட்டி அடித்து, தோட்டத்தின் பெயரைக் குத்துகிறார்கள். ஸ்டேசனுக்கு வருகிறது. சின்னக் கோச்சியில் ஏறுகிறது. நுவரெலியா வருகிறது. நானுஓயாவுக்கு இறங்குகிறது.

இங்கேதான் நிறுத்தி யோசிக்கவேண்டும். இரண்டரை அடிப் பாதையில் வந்த வண்டி ஐந்தரை அடிப் பாதையில் ஓடாது. ஆகவே ஒவ்வொரு பெட்டியையும் இங்கே இறக்கவேண்டும். இறக்கி, மேடையைக் கடந்து, பெரிய வண்டியில் ஏற்றவேண்டும். இராகலையிலிருந்து வந்த பெட்டியும் அப்படித்தான், கந்தப்பளையிலிருந்து வந்த பெட்டியும் அப்படித்தான். எதிர்ப்பக்கம் கொழும்பிலிருந்து வரும் அரிசி மூட்டையும் அப்படித்தான். பர்மாவில் விளைந்த அரிசி கப்பலில் கொழும்புக்கு வந்து, பெரிய கோச்சியில் நானுஓயாவுக்கு வந்து, ஒருவர் முதுகிலிருந்து இன்னொரு வண்டிக்கு மாறி, தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த அரிசிக்கான காசைத் தோட்டத்தில் சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். பெட்டியைத் தூக்கியதும் நம்முடைய தோள், மூட்டையைத் தூக்கியதும் நம்முடைய தோள், அரிசிக்குக் காசு கொடுத்ததும் நாம்தான்!

ஆட்கள் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனார்கள். துரை போனார், துரைசாணி போனார். ஏப்ரல் மாதத்தில் குதிரைப் பந்தயம் பார்க்கக் கொழும்புச் சீமான்கள் நுவரெலியாவுக்குப் போனார்கள். மூன்றாம் வகுப்பில் தோட்டத் தொழிலாளரான நம்மவர்களும் போனார்கள். ஆனால் எப்படிப் போனார்கள்? 1921 வரைக்கும் நம்முடைய தோட்டங்களில் துண்டு முறை இருந்தது. ‘இந்தக் கங்காணியும் இவருடைய ஆட்களும் இவ்வளவு ரூபாய் கடன்பட்டிருக்கிறார்கள். அதைக் கட்டினால் விடுவேன்’ என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத்தான் துண்டு என்று பெயர். அது இல்லாமல் வேறு தோட்டத்தில் பெயர் பதிய முடியாது. யோசித்துப் பாருங்கள். சின்னக் கோச்சி வந்தது 1903இல். துண்டு ஒழிந்தது 1921இல். இடையில் 18 ஆண்டுகள். லயத்து வாசலில் நின்றால் கோச்சிச் சத்தம் கேட்கும். சில சதத்துக்கு டிக்கட் கிடைக்கும். ஏறிப் போய் வேறு தோட்டத்தில் வேலை கேட்டால், முதல் கேள்வி: துண்டு எங்கே? தேயிலைப் பெட்டிக்கு லண்டன் வரைக்கும் வழி திறந்திருந்தது. அதை நிரப்பியவருக்கு அடுத்த தோட்டத்துக்கே வழி இல்லை!

அன்பர்களே, இனி மூன்றாவது கேள்வி. ஏன் போனது?

மலை சரிந்து போனதா? இல்லை. வெள்ளம் அடித்துக்கொண்டு போனதா? இல்லை. கணக்குப் புத்தகம் அடித்துக்கொண்டு போனது. 1920களில் லொறி வந்தது, பஸ் வந்தது. லொறி நேரே ஸ்டோர் வாசலுக்கு வரும். பெட்டியை ஏற்றினால் நேரே நானுஓயாவின் பெரிய பாதைக்கு இறக்கும். வேண்டுமானால் கொழும்புக்கே கொண்டுபோகும். நடுவில் மாற்றி ஏற்றும் வேலை இல்லை, அதற்குக் கூலி இல்லை. நான் முன்னே சொன்ன அந்த இரண்டரை அடி இருக்கிறதே, போடும்போது செலவைக் குறைத்த அதே இரண்டரை அடி, ஓட்டும்போது செலவைக் கூட்டியது. மலிவாகப் போட்டதே பின்னால் நட்டமாக வந்து நின்றது.

அதன் மேல் 1929இல் உலகப் பொருளாதாரம் விழுந்தது. தேயிலை விலை விழுந்தது. 1933இல் தேயிலை விளைவிக்கும் நாடுகள் கூடி ஏற்றுமதிக்கு அளவு கட்டின. பெட்டி குறைந்தால் கோச்சிக்குச் சுமை எங்கே? அந்தக் காலத்தில் வேலை குறைத்து, ஆயிரக்கணக்கான நம் மக்களை இந்தியாவுக்கு அனுப்பினார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. நட்டம் வந்தால் முதலில் ஆட்களைக் குறைப்பார்கள், பிறகு பாதையைக் குறைப்பார்கள். அப்படித்தான் நடந்தது. 1940களில் சின்னக் கோச்சியில் ஆட்களை ஏற்றுவது நின்றது. சரக்கும் நின்றது. பிறகு தண்டவாளத்தையே கழற்றிவிட்டார்கள்.

போடும்போது யாரைக் கேட்டார்கள்? துரைமாரைக் கேட்டார்கள். எடுக்கும்போது யாரைக் கேட்டார்கள்? கணக்குப் புத்தகத்தைக் கேட்டார்கள். பாதை ஓரத்தில் லயத்தில் இருந்தவரை யாராவது கேட்டார்களா? இராகலைப் பக்கத்துத் தாய் ஒருத்தி பிரசவத்துக்கு நுவரெலியாவுக்கு எப்படிப் போவாள் என்று யாராவது கேட்டார்களா?

இந்த 1940களிலேயே இன்னொன்றும் நடந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம்! மலையகத் தமிழரான நம்மவர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. பாதையைப் போட்டபோதும் கேட்கவில்லை, எடுத்தபோதும் கேட்கவில்லை, குடியுரிமையைப் பறித்தபோதும் கேட்கவில்லை. சின்னக் கோச்சி போனதையும் குடியுரிமை போனதையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். இரண்டிலும் நம்மைக் கேட்காமல் விட்ட பழக்கம் ஒன்றுதான் என்கிறேன்.

அந்தப் பழக்கம் அத்தோடு முடிந்ததா? 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றவர்களில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று எழுதினார்கள். ஆட்டுமந்தையைப் பங்கு பிரிப்பதுபோல் பிரித்தார்கள். இரண்டு மாதம் ஆகவில்லை, அந்த டிசம்பரில் அடித்த புயலில் தனுஷ்கோடி ஸ்டேசனே கடலுக்குள் போய்விட்டது. தலைமன்னாரில் கப்பல் ஏறுகிறவர் இறங்கும் துறை எதுவோ, அந்தத் துறை அழிந்தது. ஆனாலும் ஆட்களை அனுப்புவது நிற்கவில்லை. இராமேஸ்வரத்தில் இறக்கினார்கள். ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நானுஓயாவிலும் அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற கோச்சியை வழியனுப்பியவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கலாம். அண்ணன் உள்ளே, தம்பி வெளியே. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிய சனம். அழுகைக் கோச்சி என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள் நம்மவர்கள்.

அப்படிப் போனவர்கள் எங்கே போனார்கள்? பலர் நீலகிரிக்குப் போனார்கள். கோத்தகிரி, குன்னூர், கூடலூர். அவர்களுக்காகவே தமிழ்நாட்டு அரசாங்கம் தேயிலைத் தோட்டம் போட்டது. ‘டேன்டீ’ என்பார்கள். அந்த நீலகிரியிலும் ஒரு மலைக் கோச்சி ஓடுகிறது. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு வந்து, 1908இல் ஊட்டியைத் தொட்ட கோச்சி. டார்ஜிலிங்கில் இன்னொன்று, 1881இல் வந்தது. அதன் தண்டவாளம் இரண்டே அடி. நம்முடையதைவிடச் சின்னது! அங்கேயும் தேயிலை, அங்கேயும் வெள்ளைக்காரன், அங்கேயும் லொறி வந்தது, பஸ் வந்தது, நட்டம் வந்தது. ஆனால் அங்கே பாதையைக் கழற்றவில்லை. டார்ஜிலிங் பாதையை 1999இலும் நீலகிரிப் பாதையை 2005இலும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது. உலகமே வந்து டிக்கட் வாங்கி ஏறுகிறது. நாம் 19 மைலையும் கழற்றிவிட்டு, வருகிற வெள்ளைக்காரரை நானுஓயாவில் இறக்கி ஓட்டோவில் ஏற்றுகிறோம்.

நான் ஓட்டோத் தம்பிகளுக்கு எதிராகப் பேசவில்லை. அவர்கள் பிழைப்பு நன்றாக நடக்கட்டும். நான் சொல்ல வருவது வேறு. 1885இல் நுவரெலியாவுக்குப் போகிறவர் நானுஓயாவில் இறங்கி வண்டி மாறினார். இன்றும் நானுஓயாவில் இறங்கித்தான் வண்டி மாறுகிறார். நாற்பது ஆண்டளவு ஓடிய ஒரு கோச்சி வராமலே இருந்ததுபோல் ஆகிவிட்டது.

அப்படியானால் ஒன்றுமே மிஞ்சவில்லையா? மிஞ்சியிருக்கிறது. எங்கே என்று கேட்டால், உங்கள் காலடியில். தேயிலை மலையில் நடக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஆள் போட்ட ஒற்றையடிப் பாதை குறுக்கே விழுந்து மலையில் நேரே ஏறும். மனிதனுக்கு மூச்சு வாங்கினால் நின்றுவிட்டு ஏறுவான். கோச்சியால் அது முடியாது. கோச்சிக்குப் போட்ட பாதை ஒரே சீராக, அவசரமில்லாமல், மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டே ஏறும். குறுக்கே மேடு வந்தால் வெட்டியிருப்பார்கள், பள்ளம் வந்தால் நிரப்பியிருப்பார்கள், ஓடை வந்தால் கல்லால் சின்னப் பாலம் கட்டியிருப்பார்கள். ஏறுகிறோம் என்றே கால் உணராத ஒரு பாதையில், இருபுறமும் வெட்டிய மண் சுவரும் கீழே கறுத்த கல்லும் கண்டால், அங்கே நில்லுங்கள். அது யார் வெட்டியது என்று கேளுங்கள். மாணவச் செல்வங்களே, இதைப் படிக்க வெளிநாட்டுப் பேராசிரியர் வரவேண்டியதில்லை. செருப்பும் குடையும் இருந்தால் போதும்.

கந்தப்பளையில் பழைய தேயிலை ஸ்டோர் ஒன்று பெரிய ஓட்டலாகி இருக்கிறது. அங்கே குறுகிய பாதைக் கோச்சிப் பெட்டி ஒன்றை வைத்து, அதற்குள் மேசை போட்டு விருந்து பரிமாறுகிறார்கள். நல்லது. பெட்டியாவது கண்ணில் படுகிறதே! ஆனால் அந்த மேசையில் உட்காருகிறவர் கேட்கப்போவது கோச்சியின் கதையைத்தான். மண் வெட்டியவரின் கதையை, சிலிப்பர் கட்டை சுமந்தவரின் கதையை, நானுஓயா மேடையில் பெட்டி மாற்றியவரின் கதையை அவருக்குச் சொல்ல ஒரு எழுத்து இல்லை. துரைமாரின் அறிக்கைகளில் எத்தனை பெட்டி போனது என்று கணக்கு இருக்கும். பெட்டி தூக்கியவரின் பெயர் அங்கே இருக்காது. அது நம் வீட்டுக் கதைகளில்தான் இருக்கும்.

2023இல் நம்முடைய இருநூறு ஆண்டு வரலாற்றை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்கள் நம்மவர்கள். இந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர் கால் வைத்த பாதையில் கால் வைத்தார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. அந்த நடையில் பாதி வேலைதான் முடிந்தது. மாத்தளையோடு நம் முன்னோர் நிற்கவில்லை. இங்கே ஏறி வந்தார்கள். இந்த 19 மைலும் அவர்களுடைய வரலாறுதான்.

ஆகவே மூன்று காரியம் கேட்கிறேன். ஒன்று, இந்த வட்டாரப் பாடசாலைகள் ஒவ்வொன்றும் தன் பக்கத்தில் பாதை போன இடத்தை நடந்து பார்த்து ஒரு வரைபடம் கீறட்டும். நானுஓயாப் பிள்ளைகள் பிளக்பூல் வரைக்கும், அங்கிருந்து நுவரெலியாப் பிள்ளைகள், பிறகு கந்தப்பளை, கடைசியில் இராகலை. நான்கு வரைபடத்தையும் ஒட்டினால் முழுப் பாதையும் வந்துவிடும். இரண்டு, சின்னக் கோச்சியைப் பற்றித் தன் தாத்தா, அம்மாயி சொன்னதைக் கேட்டவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். எழுதத் தெரிந்தவர்கள் எழுதுங்கள், தெரியாதவர்கள் கைபேசியில் பேசிப் பதிவு செய்யுங்கள். மூன்றாவதுதான் முக்கியம். நாளைக்குச் சுற்றுலாவுக்காக இந்தப் பாதையைத் திரும்பவும் போடலாம் என்று யாராவது திட்டத்தோடு வந்தால், எதிர்க்காதீர்கள், கைதட்டவும் அவசரப்படாதீர்கள். முதலில் கேளுங்கள்: அந்தப் பாதை போகும் இடத்தில் இன்று வீடு கட்டி இருப்பவர்களைக் கேட்டீர்களா? மரக்கறித் தோட்டம் போட்டிருப்பவர்களைக் கேட்டீர்களா? அந்தக் கோச்சியில் இராகலை மக்கள் ஏற முடியுமா, டொலர் உள்ளவர் மட்டும்தான் ஏற முடியுமா?

1903இல் இதைக் கேட்க நமக்குச் சங்கம் இல்லை. 1940களில் கேட்க நமக்கு வலு போதவில்லை. இன்று வாக்கு இருக்கிறது, படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், இந்த மண்டபம் நிறைய நீங்கள் இருக்கிறீர்கள். அடுத்த முறை இந்த மலையில் பாதை போடும்போது, எந்தப் பாதையாக இருந்தாலும் சரி, நம்மைக் கேட்காமல் ஒரு சிலிப்பர் கட்டையும் விழக்கூடாது. அந்த உறுதியோடு எழுந்து போங்கள்.